நுரை காயுமுன்

தாடையை இந்தப் பக்கம் திருப்புங்கன்னா அந்தப் பக்கம் திருப்புதாவ, கல்யாணம் ஆன நாள்ல இருந்தே நான் சொல்லுத பக்கம் இந்த மனுஷனுக்கு வராது, கெடக்கட்டும், நானே திருப்பிக்கிடுதேன். கன்னத்துல கை வச்சா கன்னம் எங்க இருக்கு, எலும்புதான் தட்டுப்படுது. கவர்மெண்டு பஸ் ஓட்டின காலத்துல ஊர் ஊரா புரோட்டாவும் சால்னாவும் தின்னு உப்பிப் போயி, அண்ணாச்சி உங்க கன்னத்தால சைடு கண்ணாடி தெரியலன்னு கண்டக்டர் கேலி பண்ணுவாராம், வந்து என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. இப்ப இந்த ஒட்டின தோலை எந்தப் பக்கம் இழுத்துப் பிடிச்சு எந்தப் பக்கம் பிளேடை ஓட்டணும்னு தெரியாம கட்டில் ஓரத்துல உக்காந்து முழிக்கேன். மீன் செதிள் எடுத்திருக்கேன், கோழி ரோமம் பொசுக்கியிருக்கேன், ஆம்பளை மூஞ்சியில பிளேடு வச்சதில்ல. வழக்கமா வீட்டுக்கு வந்து சவரம் பண்ணிவிடுதவர் ஊர்ல இல்ல. சாயங்காலம் சபை ஐயர், எங்க சர்ச்சுப் பாதிரியார்தான், ராப்போஜனம் கொண்டுட்டு வாராவ, கோயிலுக்கு வர முடியாத சீக்காளிக்கு அப்பமும் திராட்ச ரசமும் கட்டிலுக்கே வரும், அந்த நேரத்துல இவிய தாடியும் மீசையுமா கெடந்தா எனக்குத்தான கேவலம். ஒரு பக்கத்துக்கு மட்டும் நுரை போட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் போட்டா எனக்கு இருக்குத வேகத்துக்கு ஒரு பக்கம் காஞ்சு பொருக்காயிரும். "பாத்து லீதியா, கழுத்துல போட்டுராத"ங்காவ. "போடணும்னா உங்க அம்மா இருந்த காலத்துலயே போட்டிருப்பேன்"ன்னு வாய் தன்னால சொல்லிட்டு. இவிய சிரிச்சாவ, சத்தம் வரல, நீர் கோத்து வீங்கின வயிறு மட்டும் குலுங்குச்சு. எனக்குத்தான் சொன்ன உடனே சுருக்குன்னுது. என்ன பேச்சு பேசுத, போடுதேன் வெட்டுதேன்னு, இந்த வீட்டுல அந்த மாதிரி வார்த்தையே வரக்கூடாதுன்னு எமிமாள் அக்கா எத்தனை மட்டம் சொல்லியிருக்காவ.

எமிமாள் அக்கா எங்க தெரு ஜெபக்குழுவுக்குத் தலைவி. அவிய சொல்லுத பெரிய சட்டம் ஒண்ணே ஒண்ணுதான், நெகட்டிவா பேசக்கூடாது. சீக்குன்னு சொல்லக்கூடாது, முடியலன்னு சொல்லக்கூடாது, மத்த வார்த்தையை நினைக்கவே கூடாது. வாயில வந்தா வீட்டுக்குள்ள வந்துரும், நாமளே கதவைத் தொறந்து விட்ட மாதிரி ஆயிரும்பாவ. கெட்ட மனுஷி இல்ல அக்கா, நான் பொய் சொல்லக்கூடாது, இவிய படுக்கையில போன துணியெல்லாம் நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் வாளியில அள்ளிட்டுப் போயி அவிய வீட்டுல அலசிக் காயப்போட்டு மடிச்சுக் கொண்டுவந்து தருவாவ, கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டா. அதனாலதான் அவிய சொல்லைத் தட்ட முடியல. அதோட அந்த அட்டை வேற இருக்கு, காலண்டருக்குப் பக்கத்துல, ஆணியில. வருஷப் பிறப்பு ஆராதனை முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னால தட்டுல வாக்குத்தத்த அட்டையைக் கவுத்தி வச்சிருப்பாங்க, வீட்டுக்கு ஒண்ணு, குடும்பத் தலைவர் போயி எடுக்கணும், அதுல இருக்குத வசனம்தான் அந்த வருஷம் முழுக்க நம்ம வீட்டுக்கு. இவிய எடுத்தாவ. நீடிச்ச ஆயுசைப் பத்தின வசனம் வந்துச்சு. எனக்கு என்ன சந்தோஷம், போட்டோ எடுத்து பெங்களூர்ல இருக்குத மக பியூலாவுக்கு அனுப்பினேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் வரும்போது கண்ணு மஞ்சளாச்சு, கல்லீரல்ல கட்டின்னு சொன்னாங்க, ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மான்னு அந்த டாக்டர் என் கண்ணைப் பாக்காம சொன்னாரு. அக்கா அந்த அட்டையத்தான் காட்டினாவ. பாத்தியா லீதியா, கேள்வி வாரதுக்கு முன்னாலயே ஆண்டவர் பதிலைக் குடுத்துட்டாரு, நீ டாக்டர் சொன்னதை நம்புதியா இதை நம்புதியான்னு கேட்டாவ. நான் என்ன சொல்லுவேன். எனக்கு எதை நம்ப ஆசையோ அதை நம்பினேன். எல்லாரும் கையக் கோத்து ஒருமனப்பட்டு ஜெபம் பண்ணோம், அன்னையில இருந்து இந்த வீட்டுல இவிய சுகமாயிட்டாவ, படுத்துத்தான் கெடக்காவ, ஆனா சுகமாயிட்டாவ. பியூலாகூட போன்ல அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு கேக்கதில்ல, அப்பா நல்லா இருக்காங்கல்லம்மான்னுதான் கேக்கா. நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டு வச்சிருவேன்.

மேல இருந்து கீழ இழுக்கணும். இழுத்தேன், சர்ருன்னு வருது, பரவாயில்லயே. நுரைக்கு அடியில தோல் மஞ்சளா, வெள்ளரிப்பழம் மாதிரி. பிளேடைக் கிண்ணத்துத் தண்ணியில அலசினா வெள்ளையும் கறுப்புமா ரோமம் மெதக்குது, வெள்ளைதான் ரொம்ப. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில இவிய ஜன்னல் கம்பியில கண்ணாடியைச் சொருகி வச்சிட்டு சவரம் பண்ணினதை நான் பாயில படுத்துக்கிட்டே பாத்தேன், தூங்குத மாதிரி கண்ணை மூடிக்கிட்டு பாத்தேன், ஆம்பளைங்க மூக்கைப் பிடிச்சு மேல தூக்கிக்கிட்டு மீசைக்குக் கீழ வழிக்கிறதை அதுக்கு முன்னால நான் கண்டதில்ல, சிரிப்பு வந்துட்டு. ஏட்டி முழிச்சுக்கிட்டா இருக்கன்னு கண்ணாடிக்குள்ளயே கேட்டாவ. இப்ப நான் அந்த மூக்கைப் பிடிச்சுத் தூக்கணும். பிடிக்க மனசு வரல, மூச்சு அது வழியாத்தான போயிட்டு வருது, பிடிச்ச நேரம் பாத்து நின்னுட்டுன்னா. சே, பாரு, மறுபடியும் அங்கதான் போகுது புத்தி. அட்டையைப் பாரு லீதியா, அட்டையைப் பாரு. பாத்தா பக்கத்துல காலண்டர்தான் தெரியுது. எந்த நாளுன்னு தெரியலயே, இதுல எந்தக் கட்டத்துலன்னு தெரியலயேன்னு கண்ணு கட்டம் கட்டமாப் போகுது. இது அவிசுவாசம். ஆமா, அவிசுவாசம்தான், ஆனா அரிசி களையும்போதும் வருது, கறிவேப்பிலை உருவும்போதும் வருது, நான் என்ன கூப்பிடவா செய்யுதேன். நெனப்பே இப்படி இருக்கும்போது வாயாவது மூடிக் கெடக்கணும்னுதான் வாய்க்குப் பூட்டுப் போட்டு வச்சிருக்கேன். நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசி, அதனாலதான் இவியளுக்கு ஆச்சுன்னு ஆயிட்டுன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பேன்.

எனக்குப் பூட்டுப் போட்டாச்சு, இவியளுக்குப் போட முடியல. அதுதான் பெரிய பாடா இருக்கு. போன வாரம் ஒருநாள் காப்பி ஆத்திக்கிட்டு இருக்கேன், "லீதியா, எனக்குப் பெறவு"ன்னு ஆரம்பிச்சாவ, "பெறவு ரசம் சாதம்தான், முதல்ல காப்பியக் குடிங்க"ன்னு வாயில வச்சுட்டேன். இன்னொரு நாள் கல்யாணக் கோட்டைப் பத்தி என்னமோ சொல்ல வந்தாவ, பீரோவுல இருக்குத கோட்டு இப்ப எதுக்குன்னு எனக்கா தெரியாது, எங்க ஆளுங்க கடைசியா ஆம்பளைக்கு எதை மாட்டிவிடுவாங்கன்னு ஊருக்கே தெரியும், காதுல விழாத மாதிரி குடத்தை எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போயிட்டேன். குழாய்ல தண்ணி வரல. வராத குழாய்கிட்ட குடத்தை வச்சுக்கிட்டு இவிய தூங்குதவரைக்கும் நின்னேன். உள்ள இருந்து ஒருமட்டம் லீதியான்னு கூப்பிட்டாவ, அப்புறம் கூப்பிடல. அந்தக் கூப்பிடாததுதான் இப்பவும் காதுல கெடக்கு.

"நல்லா ஒட்ட வழிச்சு விடு. ரெண்டாந்தரம் பண்ண வேண்டியதிருக்காது"ங்காவ இப்ப.

பிளேடு சறுக்கிட்டு. சறுக்கும்னு எனக்கே தெரியல, சறுக்கிட்டு. தாடை எலும்புக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கோடு, முதல்ல ஒண்ணுமே இல்ல, பெறவு நுரைக்குள்ள இருந்து செவப்பா எட்டிப் பாக்குது. ஐயோ ஆண்டவரே. ரத்தம் உறையாதும்மா, காயம் படாமப் பாத்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பினது இப்பத்தான் புத்தியில வருது, சொன்னாரே, படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, பிளேடை எடுக்கும்போது அது எங்க போச்சு, ஐயருக்கு முன்னால அழகா இருக்கணும்னு ஆசைப்பட்டு நானே கையால. துண்டு, துண்டு எங்க, கட்டில் மேலதான் இருக்கு, படிகாரம் ஜன்னல்ல இருக்கு, எட்டல, எழுந்திரிச்சா ரத்தம் போகும், பெருவிரலை வச்சு அழுத்திட்டேன். அழுத்தினா நிக்குது. எடுத்தா வருது. மறுபடியும் அழுத்தினேன். என் விரலுக்குக் கீழ துடிக்குது, என் துடிப்பா அவிய துடிப்பான்னு தெரியல. "வலிக்கா"ன்னு கேட்டேன். "இல்ல. நீதான் நடுங்குத"ன்னாவ. அப்புறம் என்னை ஏறெடுத்துப் பாத்து, சின்னப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு, "இப்ப குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓட முடியாதுல்லா"ன்னாவ.

அப்ப இவியளுக்குத் தெரிஞ்சிருக்கு. குழாய்ல தண்ணி வரலன்னுகூடத் தெரிஞ்சிருக்கும், குடம் நெறையுத சத்தமே கேக்கலயே. நான் பிள்ளையாட்டம் ஒளிஞ்சுக்கிட்டு நிக்கேன், இவிய கட்டில்ல கெடந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்காவ. விரலை எடுக்கவும் முடியல, மூஞ்சியைத் திருப்பவும் முடியல, இவ்வளவு கிட்டத்துல நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து எத்தனை நாளாச்சு. நுரை காஞ்சு கன்னத்துல வெடிப்பு விடுது. "சொல்லுங்க"ன்னேன். குரல் என் குரல் மாதிரி இல்ல. "எனக்குப் பயமா இருக்கு. இருந்தாலும் சொல்லுங்க."

"கோட்டு வேண்டாம்டி"ன்னு ஆரம்பிச்சாவ. மூச்சு விட்டு விட்டுத்தான் பேச்சு. "வயிறு இப்படி இருக்கு, பொத்தான் போடவா முடியும். முதுகுப் பக்கம் கிழிச்சுத்தான் மாட்டுவானுவ. நல்ல துணி. வேட்டி சட்டை போதும். கையில அந்த வெள்ளை உறையெல்லாம் வேண்டாம். அழாத, கேளு." நான் அழலன்னேன். தாடையில சொட்டினது ரத்தம்னு நெனச்சுத் துண்டால தொடச்சா ஈரம்தான், செவப்பு இல்ல. "உங்களுக்குப் பயமா இருக்கா"ன்னு கேட்டேன். இதைத்தான் இத்தனை நாளும் கேக்காம இருந்தேன். "போற இடத்தை நெனச்சுப் பயம் இல்ல. அதைச் சின்னப்பிள்ளையில இருந்தே நம்பிட்டேன், இப்ப மாத்தவா போறேன். ஆனா ஒண்ணு லீதியா. தெனமும் சுத்தி நின்னு ஜெபிக்கிய. நான் எழும்பி நடக்கணும்னு ஜெபிக்கிய. நான் கெளம்பிட்டேன். அது உங்க ஒருத்தருக்கும் தெரியல. வீடு நெறைய ஆளு இருக்கு, வழியனுப்ப ஒருத்தர்கூட இல்ல." தண்ணி கேட்டாவ. ஒரு கையால அழுத்திக்கிட்டே இன்னொரு கையால கரண்டியில ஊத்தினேன், பாதி வழிஞ்சுட்டு. "சொகமாக்கும் சொகமாக்கும்னு ஊரே கேக்கு. நல்லபடியாக் கூட்டிட்டுப் போம்னு எனக்காக ஒரு ஆளு கேக்கல. நானா கேட்டுப் பாத்தேன், பாதியில பயம் வந்திருது. நீ கேளு."

இதையா, என்கிட்டயா. வேற என்ன கேட்டாலும் செய்வேனே. கேட்டு, இன்னைக்கு ராத்திரியே ஆயிட்டுன்னா. எமிமாள் அக்கா என்ன சொல்லுவாவ, நீயே கதவைத் தொறந்து விட்டுட்டியேன்னுதான் சொல்லுவாவ. பியூலா என்ன சொல்லுவா. நான் எனக்கு என்ன சொல்லிக்கிடுவேன். ஆனா கேக்காம விட்டா, இவிய இப்படியே, சுத்தி நாங்க பாட்டும் ஜெபமுமா நிக்க நிக்க, கூட்டத்துக்கு நடுவுல ஒத்தையில போகணும், அப்படித்தான. என் வாய்ல இருந்து ஒரு வார்த்தை தவறி விழட்டும், பிடிச்சுக்கிடலாம்னா ஆண்டவர் காத்துக்கிட்டு இருக்காரு? அப்படிப்பட்டவர்கிட்டயா நான் பிள்ளையத் தூக்கிட்டுப் போயி ஞானஸ்நானம் வாங்கினேன், இவிய ராத்திரி வண்டிக்குப் போகும்போதெல்லாம் பத்திரமாக் கொண்டுவாரும்னு கேட்டுட்டு நிம்மதியாத் தூங்கினேன்? ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பட்டினி கெடந்து மும்மணி தியானத்துக்குப் போயி ஆண்டவர் சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையும் உக்காந்து கேக்கோம், தலை சுத்தும், முதுகு வலிக்கும், கடைசி வார்த்தை எப்ப வரும்னு இருக்கும். அந்தக் கடைசி வார்த்தை என்ன. ஆண்டவரே தன் உயிரைத் தன் அப்பா கையில ஒப்புக்குடுத்தாரே, அதுதான. அவரை யாரும் நெகட்டிவா பேசிட்டாருன்னு சொல்லலயே. அவரு தோத்துப்போயிச் சொல்லல, ஏந்திக்கிட ஒரு கை இருக்குன்னு தெரிஞ்சு சொன்னாரு. இத்தனை வருஷமா கேட்டும் இது எனக்கு உறைக்கவே இல்ல பாரு, எப்ப வீட்டுக்குப் போயி கஞ்சி குடிப்போம்னே இருந்திருக்கேன்.

விரலை எடுக்காமலே கண்ணை மூடினேன். "சர்வ வல்லமையுள்ள எங்கள் பரம பிதாவே"ன்னு ஆரம்பிச்சேன், கோயில்ல ஜெபிக்கிற குரல் வந்துட்டு, அதுக்கு மேல நகரல. இவிய என் மணிக்கட்டைப் பிடிச்சாவ. "சும்மா பேசுட்டி"ன்னாவ.

"ஆண்டவரே, லீதியா பேசுதேன். இத்தனை நாளும் இவியள விட்டுரும் விட்டுரும்னு உம்மைப் போட்டு நச்சரிச்சேன். எனக்கு இப்பவும் இவிய வேணும், அதை உமக்கு மறைக்க முடியாது. ஆனா இவிய கெளம்பிட்டேங்காவ. நல்லபடியாக் கூட்டிட்டுப் போவும். வலி இல்லாமக் கூட்டிட்டுப் போவும். வாழ்நாள் பூரா இவியதான் ஓட்டினாவ, இனி நீரு ஓட்டும், இவிய பக்கத்து சீட்டுல உக்காந்து வரட்டும். அடுத்தவன் ஓட்டினா இவிய காலு சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவாவ, அதைக் கண்டுக்கிடாதிரும். இருட்டான இடம் வந்தா பேச்சுக் குடுத்துக்கிட்டே போவும், நீரு பக்கத்துல இருக்கீருன்னு தெரியட்டும். நீரு பிடுங்கிட்டுப் போயிட்டீருன்னு நான் சொல்ல மாட்டேன் ஆண்டவரே. நானேதான் உம்ம கையில குடுக்கேன். எல்லாரையும் எழுப்புத அன்னைக்கு என்னையும் எழுப்பி இவிய பக்கத்துல நிறுத்தும். அப்ப இந்த எலும்பு மூஞ்சி வேண்டாம், நீரு எனக்குத் தந்தபடியே தாரும். அதுவரைக்கும் என்னையும் பாத்துக்கிடும், நான் ஒத்தையில இருந்து பழக்கம் இல்லாதவ. ஆமென்."

ஆமென்னு இவிய சொன்னது எனக்குக் கேட்டுட்டு. விரலை எடுத்துப் பாக்கேன், ரத்தம் நின்னிருக்கு. வெளிய கேட் சத்தம். "லீதியா, தோத்திரம், ஐயரும் வந்துட்டாவ"ன்னு எமிமாள் அக்கா குரல், செருப்பைக் கழட்டுத சத்தம். அக்காகிட்ட இன்னைக்குச் சொல்லணும், உள்ள வந்து எழும்பி நடக்கணும்னு ஆரம்பிச்சாவன்னா, வேண்டாங்கக்கா, இவிய கெளம்பிட்டாவ, வழியனுப்புங்கன்னு சொல்லணும். என்ன சொல்லுவாவன்னு தெரியல. சொல்லத்தான் போறேன். "ஒரு நிமிஷம் வெளிய உக்காருங்கக்கா, பாதி மூஞ்சி மிச்சம் இருக்கு"ன்னு சத்தம் குடுத்தேன். திரும்பிப் பாத்தா இவிய கண்ணு மூடியிருக்கு, என் மணிக்கட்டைப் பிடிச்ச கை தளந்து போர்வை மேல கெடக்கு. இவிய கண்ணை மூடினாலே மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாக்குறது எனக்கு வழக்கமாயிட்டு, ராத்திரியெல்லாம் வச்சு வச்சுப் பாப்பேன். இப்ப வைக்கல, அவரு கையிலதான் குடுத்தாச்சே. சோப்பை எடுத்துத் தண்ணியில தொட்டு, அந்தப் பக்கத்துக் கன்னத்துக்கு நுரை போட ஆரம்பிச்சேன்.